வாசலா, மேடையா? நம் அறநிறுவனங்களின் இணையதளங்கள்





பௌர்ணமிதோறும் பல லட்சம் பேர் வந்து போகும் ஊர் நம் திருவண்ணாமலை. 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையை நடந்து முடிக்க வருபவர்களில் பெரும்பாலோர் இன்று கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டே ஊரிலிருந்து புறப்படுகிறார்கள். எங்கே தங்குவது, எப்போது நடை திறக்கும், யாரை அழைப்பது என்பனவெல்லாம் பேருந்தில் ஏறுமுன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடுகின்றன. கோயில் நகரத்தில் வாழும் நாம் இந்த மாற்றத்தை அன்றாடம் கண்ணெதிரே காண்கிறோம்.

இந்த மாற்றம் நம் அறக்கட்டளைகளையும் ஜமாஅத்துகளையும் எட்டியிருக்கிறது. கல்வி உதவி, மருத்துவ உதவி, பைத்துல்மால், உரிமைக்கான அமைப்பு என எதைத் தொடங்கினாலும் உடனே ஓர் இணையதளம் வேண்டும் என்கிறோம். நல்லதுதான். ஆனால் அத்தளங்களில் பலவற்றைத் திறந்தால் நம்மை முதலில் வரவேற்பவை என்ன? நிர்வாகிகளின் உருவப்படங்கள், சால்வை அணிவிக்கும் காட்சிகள், சிறப்பு விருந்தினரின் வாழ்த்துரை, நிறுவனத்தின் நோக்கம் பற்றிய நீண்ட அறிமுகம் ஆகியவையே. உதவி தேடி வந்தவர் எங்கே விண்ணப்பிப்பது என்பது மட்டும் எங்கும் இராது.

இணையதளம் என்பது மேடையன்று, வாசல். மேடை, அதில் அமர்ந்திருப்பவர்களுக்காகக் கட்டப்படுவது. வாசலோ வருகிறவர்களுக்காகக் கட்டப்படுவது. நம் அறநிறுவனங்களின் தளங்கள் இவ்விரண்டில் எதுவாக இருக்கின்றன என்பதை நாம் கேட்டுப் பார்த்தாக வேண்டும். இது வெறும் தொழில்நுட்பக் கேள்வியன்று. அமானிதம் பற்றிய கேள்வி.

கரும்பலகையும் சுவரும்

இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் பள்ளிவாசல்களில் ஓர் 'இணையதளம்' இருந்தது. அதுதான் வாயிலருகே தொங்கும் கரும்பலகை. சென்ற வெள்ளிக்கிழமை வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருக்கும். தொழுதுவிட்டு வெளியேறும் எவரும் அதைப் படிக்கலாம். ஐயம் இருந்தால் முத்தவல்லியிடம் கேட்கலாம். அதில் அலங்காரம் எதுவுமில்லை. நம்பிக்கை இருந்தது.

ராஜஸ்தானில் 1990-இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் உழைக்கும் மக்கள் அமைப்பு இதையே ஒரு போராட்டமாக்கிற்று. ஊராட்சியின் வேலைக்கணக்கையும் கூலிப் பட்டியலையும் ஊர்மக்கள் முன்னிலையில் உரக்கப் படிக்கும் பொது விசாரணைகளை அவ்வமைப்பு 1994 முதல் நடத்தியது. கணக்குகளை ஊராட்சிச் சுவர்களில் எழுதும் வழக்கமும் அங்கு வேரூன்றியது. அம்மக்களின் கோரிக்கை வளர்ந்து 2005-இல் நாடு முழுமைக்குமான தகவல் உரிமைச் சட்டமாயிற்று. யாரும் விண்ணப்பிக்காமலேயே பொது அமைப்புகள் தகவல்களைத் தாமாக வெளியிட வேண்டும் என்று அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு கூறுகிறது. 2019-இல் ராஜஸ்தான் அரசு தொடங்கிய 'ஜன் சூச்னா' தளத்தில் அந்தச் சுவர் கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தது. சுவரில் எழுதக் கூடியதைத்தான் தளத்திலும் எழுதுகிறோம் என்ற தெளிவு அதற்குப் பின்னால் இருந்தது.

நமக்கு இது புதிய பாடமன்று. ஜகாத் திரட்டச் சென்று திரும்பிய ஒருவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்துக் காட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் அதை மிம்பரில் ஏறிக் கண்டித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் பதிவாகியிருக்கிறது. பொதுப்பணத்தைக் கையாள்பவர் கணக்குக் கேட்கப்படுவது அவமதிப்பன்று, அதுவே ஒழுங்கு என்பதை அந்நிகழ்வு நமக்குக் கற்பிக்கிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருமறை (2:282) விரிவாக அறிவுறுத்துகிறது. இருவருக்கிடையிலான கடனுக்கே எழுத்து வேண்டுமெனில், ஆயிரம் பேர் நம்பித் தந்த பணத்திற்கு வேண்டாமா?

வாசலுக்கு வருபவர் யார்?

நல்ல தளம் கட்ட விரும்பும் நிறுவனம், வண்ணத்தையும் வடிவத்தையும் தேர்ந்தெடுக்கும் முன்பு, நம் வாசலுக்கு யார் யார் வருவார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். பொதுவாக மூவர் வருவர்.

முதலாமவர் தேவையுடையவர். ஜவ்வாது மலையிலிருந்து நோயாளியை அழைத்துக்கொண்டு மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனைக்கு வந்திருக்கும் ஒரு தாயையோ, கல்லூரிக் கட்டணத்திற்குக் கடைசி நாள் நெருங்கிவிட்ட செங்கத்து மாணவியையோ எண்ணிப் பாருங்கள். அவர்கள் கையில் இருப்பது விலை குறைந்த கைபேசி. தரவோ சிறிதளவே மீதம். அவர்களுக்கு வேண்டிய விடைகள் ஐந்துதான்: என்ன உதவி கிடைக்கும்? யாருக்குக் கிடைக்கும்? என்னென்ன ஆவணங்கள் வேண்டும்? யாரை, எந்த நேரத்தில் அழைக்க வேண்டும்? எத்தனை நாளில் முடிவு தெரியும்? இவ்வைந்தும் முதல் பக்கத்தில், திறந்தவுடன் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பெண்கள் தயக்கமின்றிப் பேசுவதற்கு ஒரு பெண் தன்னார்வலரின் பொறுப்பில் ஓர் அலுவலக எண் இருப்பது இன்னும் நன்று.

இத்தகைய தெளிவிற்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. நம் ஊரிலுள்ள ஸ்ரீ ரமணாசிரமத்தின் தளத்தைப் பாருங்கள். கொள்கையில் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு உண்டு; அது வெளிப்படை. ஆனால் வெளியூரிலிருந்து வருபவர் தங்குவதற்கு முன்கூட்டியே எவ்வாறு எழுத வேண்டும் என்பதை அத்தளம் நேராகச் சொல்கிறது. தங்கள் நூல்களையும், 1964-இல் தொடங்கிய 'மவுண்டன் பாத்' இதழின் பழைய பிரதிகளையும் எவரும் இலவசமாகப் பெறும்படி வைத்திருக்கிறார்கள். வருபவருக்கு என்ன வேண்டும் என்று நினைத்துப் பார்த்துச் செய்த வேலை அது. நல்ல செயல்முறை யாரிடம் இருந்தாலும் அதைக் கற்றுக்கொள்வதில் நமக்கு இழுக்கில்லை.

இரண்டாமவர் கொடுப்பவர். அவருக்கு வேண்டியது கணக்கு. ஜகாத்தைப் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைத் திருமறை (9:60) வரையறுத்துவிட்டது. எனவே ஜகாத் நிதியும் ஸதகா நிதியும் கட்டட நிதியும் ஒரே பையில் கலந்துவிடவில்லை என்பதைத் தளம் தெளிவாகக் காட்ட வேண்டும். ஆண்டு வரவு செலவு அறிக்கை, தணிக்கையாளரின் சான்று, அறக்கட்டளையின் பதிவு விவரம், அறங்காவலர்களின் பெயர்கள் ஆகியவை ஓரிடத்தில் இருக்க வேண்டும். யூ.பி.ஐ. குறியீட்டை வெளியிட்டால் அது அறக்கட்டளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிற்குரியதாகவே இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்தக் கணக்கு எத்தனை நம்பகமானதாயினும் வேண்டாம்.

நம் சமுதாயத்திற்குத் தனியாகத் தேவைப்படும் விளக்கம் ஒன்றுண்டு. வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நம் உறவினர் பலர் ஊருக்கு உதவி அனுப்ப விரும்புகிறார்கள். இந்தியக் குடியுரிமையுடன் வெளிநாட்டில் உழைப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான், அவர் நம் ஊரில் பிறந்தவராயினும் சரி. அதைப் பெற எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அப்பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையிலுள்ள கணக்கிற்கே வர வேண்டும். இந்த வேறுபாட்டை நான்கு வரிகளில் தளத்தில் எழுதி வைத்தால், நல்லெண்ணத்துடன் அனுப்புபவரும் பெறுபவரும் சட்டச் சிக்கலிலிருந்து காக்கப்படுவர். வருமான வரிச் சலுகை உண்டா இல்லையா என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குறிப்பிட்ட ஒரு மதத்தினருக்கு மட்டுமே என்று அமைக்கப்பட்ட அறக்கட்டளைகளுக்கு 80ஜி சலுகை கிடைப்பதில்லை என்பதைக் கொடுப்பவர் முன்னரே அறிந்திருப்பது நல்லது.

மூன்றாமவர் அண்டை வீட்டார். அவர் முஸ்லிமாக இருக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், நம் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து 5 குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்ததை இவ்வூர் மறக்காது. அத்தகைய நாளில் தங்க இடம் எங்கே, உணவு எங்கே கிடைக்கும், எந்த எண்ணை அழைப்பது என்பதைத்தான் மக்கள் தேடுவார்கள். எவருடைய மதத்தையும் கேட்காமல் அதைச் சொல்லும் ஒரு பக்கம் நம் நிறுவனத்தின் தளத்தில் உடனே ஏற வேண்டும். இஸ்லாம் அண்டை வீட்டாருக்கு அளித்திருக்கும் உரிமையைப் பற்றி நூறு கட்டுரை எழுதுவதைவிட, அந்த ஒரு பக்கம் அதை நன்றாக விளக்கிவிடும்.

கணக்கு வெளியே, முகம் உள்ளே

இங்கே ஒரு நுட்பமான எல்லை இருக்கிறது. தர்மத்தை வெளிப்படையாகச் செய்வது நல்லதே. ஆனால் மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் சிறந்தது என்று திருமறை (2:271) கூறுகிறது. சொல்லிக்காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்கிவிட வேண்டாம் என்று இன்னோர் இடத்தில் (2:264) எச்சரிக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தளத்திற்கான விதி தெளிவாகிறது: நிறுவனத்தின் கணக்கு வெளியே இருக்க வேண்டும், பெறுபவரின் முகம் உள்ளே இருக்க வேண்டும்.

நடைமுறையில் இது தலைகீழாக இருப்பதைக் காண்கிறோம். தையல் இயந்திரம் பெறும் விதவைச் சகோதரியின் முகம் தெளிவாகத் தெரிகிறது; தையல் இயந்திரம் என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பது தெரிவதில்லை. கல்வி உதவி பெறும் மாணவியரின் பெயர், தந்தை பெயர், கைபேசி எண் அடங்கிய பட்டியல் எவரும் பதிவிறக்கும்படி கிடக்கிறது. மொத்தச் செலவு எவ்வளவு என்பது கிடைப்பதில்லை. அந்தப் பெண்ணின் திருமணப் பேச்சு நடக்கும் நாளிலும், அவள் வேலைக்குச் சேரும் நாளிலும், அவள் பெயரைத் தேடுபவருக்கு அந்தப் பட்டியல் கிடைக்கும். உதவி ஒருநாளில் முடிந்துவிடும். படமோ இணையத்தை விட்டு எளிதில் நீங்காது.

"படம் போடாவிட்டால் மக்கள் நன்கொடை தருவதில்லை, நம்புவதில்லை" என்று நிர்வாகிகள் சிலர் சொல்லக்கூடும். அவர்களுடைய இடர்ப்பாடு உண்மையானதே. கொடுப்பவர் சான்று கேட்கிறார்; கைவசம் உள்ள சான்று படம் ஒன்றுதான். ஆனால் ஒரு படம் எதற்குச் சான்று? ஒரு பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியதற்கு மட்டுமே. எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, எவை எக்காரணத்தால் மறுக்கப்பட்டன, சென்ற ஆண்டு உதவி பெற்ற மாணவரில் எத்தனை பேர் படிப்பை முடித்தனர் என்று பெயரில்லாத எண்களை வெளியிடுங்கள். பட்டியல்களைத் தணிக்கையாளர் பார்வையிட்டுச் சான்றளிக்கட்டும். அது படத்தைவிட வலுவான சான்று. வேலையைக் காட்ட விரும்பினால் தன்னார்வலர்கள் அரிசி மூட்டை கட்டும் காட்சியைக் காட்டலாம். கட்டிய வகுப்பறையைக் காட்டலாம்.

சட்டமும் இத்திசையிலேயே நகர்கிறது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய விவரத்தை அவர் ஒப்புதலளித்த நோக்கத்திற்கே பயன்படுத்தச் சொல்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்க்குப் பெற்றோர் ஒப்புதலைக் கோருகிறது. விண்ணப்பத்துடன் வாங்கும் ஆதார் நகல்கள் எவருடைய கைபேசியில் கிடக்கின்றன, எப்போது அழிக்கப்படுகின்றன என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

உரிமைக்குக் குரல் கொடுக்கும் தளம்

உரிமைகளுக்காகப் பேசும் அமைப்புகளின் தளங்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. கண்டன அறிக்கை வெளியிடுவது எளிது. மக்கள் செயல்படுவதற்கு வழி சொல்வது கடினம். அண்மைக்கால எடுத்துக்காட்டு நம் கண்முன்னே இருக்கிறது. வக்ஃபு சொத்துகளைப் பதிவேற்றுவதற்கான 'உமீத்' தளத்தை மத்திய அரசு 2025 ஜூன் 6 அன்று தொடங்கியது. ஆறு மாதக் கெடு டிசம்பர் தொடக்கத்தில் முடிந்தது. பொதுவான கால நீட்டிப்பு வழங்க மறுத்த உச்ச நீதிமன்றம், தேவைப்படுவோர் வக்ஃபு தீர்ப்பாயத்தை அணுகலாம் என்றது. அச்சட்டத் திருத்தத்தைப் பற்றி நமக்கு எத்தகைய விமர்சனம் இருப்பினும், ஒரு சிற்றூர் முத்தவல்லியின் முன்னிருந்த கேள்வி வேறு: "என் பள்ளிவாசலுக்கும் அடக்கத்தலத்திற்கும் எந்தெந்த ஆவணம் வேண்டும்? அது எந்த அலுவலகத்தில் கிடைக்கும்? எப்படிப் பதிவேற்றுவது?"

அத்தகைய வேளையில் எளிய தமிழில் படிப்படியாக எழுதப்பட்ட ஒரு பக்கம், ஒரு மாதிரி விண்ணப்பம், மாலை வேளையில் உதவும் ஒரு தொலைபேசி எண் ஆகிய மூன்றும் பத்துப் பொதுக்கூட்டங்களுக்கு ஈடாகும். கெடு முடிந்த பின்னரும் அப்பக்கத்தின் தேவை முடிவதில்லை. அடுத்து அணுக வேண்டிய இடம் எது என்று அது சொல்ல வேண்டும்.

ஆவணம் வெளிப்படையாக இருப்பதன் வலிமைக்கு நம் மாநிலத்திலேயே சான்றுண்டு. 2021 ஜூனில் தமிழ்நாடு இந்து சமய அறநிலையத் துறை, சுமார் 3.43 லட்சம் ஏக்கர் கோயில் நிலங்களின் ஆவணங்களைத் தன் தளத்தில் வெளியிட்டது. தன் ஊர்க் கோயிலுக்கு எவ்வளவு நிலம் என்று எந்தக் குடிமகனும் பார்க்க முடிந்தால், அந்நிலத்தை ஓசையின்றி விழுங்குவது கடினமாகிவிடும். நம் பள்ளிவாசல்களின் நிலங்களுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் சொத்து விவரத்தைச் சர்வே எண்ணுடன் தானே வெளியிட்டால், அதுவே முதல் காவல்.

மொழியும் திறவுகோலும்

இனி, கட்டுபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய சில செய்திகள். நம் மாவட்டத்தில் தமிழ் பேசும் முஸ்லிம்களும் உர்தூ பேசும் முஸ்லிம்களும் சேர்ந்தே வாழ்கிறோம். தளம் தமிழில் இருக்கட்டும்; தேவையான பக்கங்கள் உர்தூவிலும் இருக்கட்டும்; ஆங்கிலம் மூன்றாவதாக வரட்டும். தமிழ் எழுத்துகள் யூனிகோடில் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் இன்றும் அறிவிப்பைப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, படமாக்கி, அந்தப் படத்தைத் தளத்தில் ஏற்றும் வழக்கம் நீங்கவில்லை. படமாக உள்ள எழுத்தைத் தேடுபொறி கண்டுபிடிப்பது அரிது. பார்வையற்ற சகோதரரின் கைபேசியிலுள்ள திரைவாசிப்பான் அதை முறையாகப் படித்துக்காட்டுவதில்லை. எழுத்தை எழுத்தாகவே ஏற்றுவது, அவரையும் வாசலுக்குள் அழைப்பதாகும்.

எளிமையே நீடிக்கும் என்பதற்கு ஈழத்துத் தமிழரின் 'நூலகம்' நல்ல சான்று. 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய அந்த எண்ம நூலகத்தில் இன்று ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. இலங்கை முஸ்லிம்களின் நூல்களும் இதழ்களும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. விக்கிப்பீடியா இயங்கும் அதே இலவச மென்பொருளில்தான் அது இயங்குகிறது. பகட்டான தோற்றம் இல்லை. தேடினால் கிடைக்கிறது, அவ்வளவே. இருபது ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது.

கடைசியாக, திறவுகோல். தளத்தின் முகவரியைப் பதிவு செய்த இளைஞர் வேலைக்காகத் துபாய் சென்றுவிடுகிறார். கடவுச்சொல் அவரோடு போய்விடுகிறது. புதுப்பிக்கும் நாள் கடந்து, முகவரி வேறெவர் கைக்கோ சென்று, பள்ளிவாசலின் பெயரில் சூதாட்ட விளம்பரம் ஓடும் நிலையும் ஏற்படலாம். எனவே முகவரி நிறுவனத்தின் பெயரிலும் நிறுவனத்தின் மின்னஞ்சலிலும் பதிவாக வேண்டும். நிர்வாகம் மாறும்போது பள்ளிவாசல் சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் ஒப்படைப்பதுபோல், கடவுச்சொற்களையும் எழுதிக் கையொப்பமிட்டு ஒப்படைக்க வேண்டும். அதுவும் அமானிதமே.

சிறிய ஜமாஅத்துக்கு இது ஆகுமா?

"எங்களிடம் ஆளுமில்லை, பணமுமில்லை, வாட்ஸ்அப் குழு போதாதா?" என்று கேட்கலாம். வாட்ஸ்அப் குழு உறுப்பினருக்கு உரியது. உறுப்பினரல்லாத ஏழைக்கு அங்கே வாசல் இல்லை. மேலும் நேற்றைய அறிவிப்பு இன்றைய காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடும். ஒரே ஒரு பக்கம் போதும். என்ன செய்கிறோம், யாருக்குச் செய்கிறோம், எப்படி விண்ணப்பிப்பது, சென்ற ஆண்டுக் கணக்கு, தொடர்புக்கு ஓர் எண்: இவை அந்த ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். ஆண்டுக்கு இருமுறை அதைத் திருத்தும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். கைவிடப்பட்ட பெரிய தளத்தைவிட, உயிருள்ள சிறிய பக்கம் மேலானது.

கட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். நிர்வாகத்தில் இல்லாத, படிப்பு அதிகமில்லாத ஒரு தாயிடம் கைபேசியைக் கொடுத்து, உங்கள் மகனுக்குக் கல்வி உதவி கேட்க வேண்டுமானால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர் இரண்டு நிமிடத்தில் வழியைக் கண்டுகொண்டால் அது வாசல். கண்டுகொள்ளாவிட்டால், எத்தனை அழகாக இருப்பினும் அது மேடைதான்.

நம்மை நம்பித் தரப்பட்டவற்றை நேர்மையுடன் கையாளவும், உதவி நாடி வருபவரின் மானத்தைக் காக்கவும், முகஸ்துதியிலிருந்து விலகி நிற்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.